மூணுதரத்தாரின் செபமாலை மாதம்

குமரிமுனையிலிருந்து திருவனந்தபுரம் வரைக்கும் உள்ள கடற்கரையில் மூணுதரத்தாரைப் போல உரத்துச் செபம் சொன்ன மனிதர் பிறந்ததில்லை. இனிப் பிறக்கப் போவதும் இல்லை. மோட்சத்தில் கண்ணயர்ந்திருந்த புனிதர்களான அர்ச்சியசிஷ்டவர்கள் எத்தனை பேர் திடுக்கிட்டு எழுந்தார்களோ, எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் எல்லாம் எழுந்துவிட்டன.

குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே கோவில் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன். மூணுதரத்தார் கரையில் மீன் ஏலம் விளிக்கிறவர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பங்குச் சாமியாருக்குத் தெரிந்திருக்கலாம். மற்ற எல்லோருக்கும் அவர் மூணுதரந்தான். அவர் இங்கே 'ஒரு தரம்' என்று வாயைத் திறந்தால் மார்த்தாண்டத்தில் காக்கை பறக்கும் என்பார்கள். வயது நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. இந்த மனிதர் ரகசியம் பேசினாலும் ஊருக்கே கேட்குமே என்று பெண் வீட்டார் பயந்தார்களாம்.

அப்படிப்பட்டவருக்கு எதிர்வீட்டுத் திரேசம்மையின் மேல் ஆசை வந்தது. அவள் விதவை. மீன்கூடையைத் தலையில் ஏற்றி, ஓட்டமும் நடையுமாகப் புதுக்கடைச் சந்தைக்குப் போய் விற்றுவிட்டு வருவாள். அவளுக்கும் அவர்மேல் மனசு உண்டு என்பது அவர் பேச்சை எடுத்தால் அவள் அதிகமாகத் திட்டுவதிலிருந்தே தெரிந்தது. ஆனால் கல்யாணத்துக்கு ஒரு நிபந்தனை வைத்தாள். நடுத்தெருவில், என்னைச் சாட்சிக்கு நிறுத்தி வைத்துக்கொண்டு சொன்னாள்.

"சாரே, நீங்களும் கேளுங்கோ. எங்க வீட்டுல அந்திமணி அடிச்சா செபமாலை. ஒரு நாளும் முடங்கினது இல்ல. இவரு மணிச்சத்தம் கேட்டா 'இப்பம் மணி எத்தனை'ண்ணு கேப்பாரே ஒழிய, என்னைக்காவது முட்டு குத்தினதுண்டா?"

"அதுக்கென்ன, இனி குத்துதேன்" என்று முழங்காலைத் தட்டிக் காட்டினார் மூணுதரத்தார்.

"வாயால சொன்னாப் போராது. இது செபமாலை மாசம். மாசம் முடியுத வரைக்கும் தெனமும் அந்திக்கு ஒம்ம வீட்டுல முட்டு குத்திச் செபமாலை சொல்லணும். எங்க வாசல்ல நிக்குத எனக்குக் கேக்கணும். ஒரு நாளு கேக்கலண்ணா இந்தப் பேச்சை விட்டிரும்."

"ஒனக்கு மட்டுமா? குளச்சலுக்கே கேக்கும்!"

குளச்சலுக்குக் கேட்டதோ இல்லையோ, அன்று அந்தியில் எங்கள் தெரு முழுவதும் கேட்டது. ஆனால் ஏலம் விளித்துப் பழகிய நாக்கு நின்று நிதானித்துப் பேசுமா? 'அருள் நிறைந்த மரியாயே' என்று தொடங்கியதுதான் தெரியும். கோவில் மணியின் ரீங்காரம் அடங்குவதற்குள் பத்துப் பத்துச் செபமணியாக உருட்டவேண்டிய ஐந்து தேவரகசியமும் முடிந்து, மனிதர் வெற்றிவீரராக வெளியே வந்துவிட்டார். இடையில் ஒவ்வொரு பத்து மணியின் முடிவிலும் 'ஒரு தரம், ரெண்டு தரம்' வேறு. தெருவோடு போன மீன் வியாபாரி ஒருவர் அதைக் கேட்டுப் பழக்கத்தில் கையைத் தூக்கிவிட்டார்.

எதிர்வாசலிலிருந்து குரல் வந்தது. "ஏலம் முடிஞ்சிட்டா? இனிச் செபத்தை ஆரம்பியும்!"

மனிதர் திரும்ப உள்ளே போய் முதலிலிருந்து சொன்னார்.

அடுத்த சத்துரு தூக்கம். விடியுமுன் கரைக்குப் போகிறவர், அந்தியில் முழங்காலில் நின்ற மாத்திரத்தில் சொக்கிவிடுவார். செபம் நின்று குறட்டை தொடரும். திரேசம்மை குறட்டையைக் கணக்கில் சேர்க்கவில்லை. 'இரண்டாம் தேவரகசியத்துல விட்டீரு' என்று எழுப்பிவிடுவாள். அதற்கு மூணுதரத்தார் ஓர் உபாயம் கண்டுபிடித்தார். ஒரு மண்கலயம் நிறையக் கடல்தண்ணீரைத் தலையில் வைத்துக்கொண்டு முட்டு குத்தினார். தூங்கி விழுந்தால் தலையோடு அபிஷேகம். சில நாள் தெப்பலாக நனைந்த பிறகு தூக்கம் அவரை விட்டு ஓடியது.

"செபமும் ஆச்சு, குளியும் ஆச்சு சாரே" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

மாதத்தின் நடுவில் பெரிய சோதனை வந்தது. அன்று கரைமடி வலையை இழுத்து முடிக்கவே பொழுது சாய்ந்துவிட்டது. சாளை மீன் மலைபோலக் குவிந்து கிடக்க, ஏலம் சூடு பிடித்தது. 'ஒரு தரம்... ரெண்டு தரம்...' என்றார். கோவிலில் மணி அடித்தது. மூன்றாவது தரம் வரவில்லை. மனிதர் வாயைத் திறந்தபடி நின்றார்.

"ஏலே, முடிச்சிட்டுப் போடே! மூணுதரம்ணு ஒரு சொல்லு சொன்னா ஒன் நாக்கு தேஞ்சா போவும்?" என்று மடிக்காரர்கள் பாய்ந்தார்கள்.

ஏலம் கேட்டுக்கொண்டிருந்த தேங்காய்ப்பட்டணத்துச் சாயிபு ஒருவர் தோள்துண்டை உதறி மணலில் விரித்தார். "அவரு போயிட்டு வரட்டும். எனக்கும் தொழ நேரமாச்சு. மீனு செத்துத்தானே கெடக்கு, ஓடியா போவும்?"

சாயிபு மேற்கே பார்த்துத் தொழுதார். மூணுதரத்தார் வீட்டுக்கு ஓடினார். நாங்கள் காக்கையை விரட்டிக்கொண்டு மீனுக்குக் காவல் இருந்தோம். அன்று முதல் அந்திமணி அடித்தால் ஏலம் நிற்பது எங்கள் கரையில் சட்டமாகிவிட்டது.

அதற்குப் பிறகு ஊரே அவர் பக்கம். 'ஓய், மணி அடிக்கப் போவுது' என்று நினைவூட்ட ஆள் இல்லாத சந்து கிடையாது. மாதத்தின் கடைசி நாளும் வந்தது. விடியற்காலையிலிருந்தே வள்ளம் வள்ளமாகச் சாளை கரையேறியது. விளித்தார், விளித்தார், மத்தியானம் வரை விளித்தார். பிறகு வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. மார்த்தாண்டத்துக் காக்கையைப் பறக்கவிட்ட தொண்டை அடியோடு கட்டிக்கொண்டது.

சுக்கும் கருப்பட்டியும் கொதிக்கவைத்துக் கொடுத்தோம். மிளகைக் கடிக்கச் சொன்னோம். ஒன்றும் பலிக்கவில்லை. பொழுது சாயச் சாய அந்தப் பெரிய உடம்பு குன்றிப் போயிற்று.

"நான் உம் வீட்டு மூலையில் மறைந்திருந்து சத்தமாகச் சொல்கிறேன், நீர் வாயை அசைத்தால் போதும்" என்றேன்.

வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கண்ணில் நீர் நின்றது.

மணி அடித்தது. முட்டு குத்தினார். தெருவில் ஒரு பிள்ளைகூட அழவில்லை. உதடுகள் அசைந்தன, சத்தம் இல்லை. எதிர்வாசலில் திரேசம்மை காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

செபமாலையில் ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, கூட இருப்பவர்கள் மறுபாதியைச் சொல்வது வழக்கம். இவர் ஒற்றைக்கட்டை. மாதம் முழுவதும் இரண்டு பாதியையும் தாமே சொல்லிக்கொண்டிருந்தார்.

திரேசம்மை தெருவைக் கடந்து வந்தாள். வாசற்படியில் நின்று அவர் உதட்டையே சற்று நேரம் பார்த்தாள். சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு அங்கேயே முட்டு குத்தினாள். அவர் உதடு முதல் பாதியை முடித்து நின்றதும், "அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று மறுபாதியை எடுத்தாள்.

செபமாலையின் கடைசி மணி வரை அப்படியே நடந்தது. அவருடைய பாதி யாருக்கும் கேட்கவில்லை. அவளுடைய பாதி தெரு முழுக்கக் கேட்டது. எழுந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தொண்டைக்கு வெந்நீ வைக்கியேன், இரியும்" என்று அவர் வீட்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

கல்யாணத்துக்கு முன்னால், யாருக்காவது தடை உண்டா என்று கேட்டுக் கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள் அல்லவா? மூன்றாவது ஞாயிறு சாமியார் வாசித்து முடித்ததும் கோவிலே 'மூணு தரம்' என்றது. சாமியார் திரும்பிப் பீடத்தைப் பார்த்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

எனக்கு நாகர்கோவிலுக்கு மாற்றலாகி வெகுநாள் ஆயிற்று. எங்கள் வீட்டுச் செபமாலை முடிந்ததும், அந்த இருவருக்காகவும் ஒரு 'அருள் நிறைந்த மரியாயே' கூட்டிச் சொல்கிறேன். பிள்ளைகள் என் சத்தத்தைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவருக்காகச் சொல்வதை முணுமுணுக்க எனக்கு மனம் வருவதில்லை.