கடை ஆயில் விஷயமாகக் கொழுந்தனாருக்கு

கொழும்பில் இருக்கும் கொழுந்தனார் சிவசாமி தம்பிக்கு, லிந்துலைத் தோட்டத்திலிருந்து அண்ணி அழகம்மா எழுதுவது. "நலம், நலமறிய ஆவல்னு மொதல்ல எழுதும்மா" என்று மகள் சுதர்ஷினி பக்கத்தில் இருந்து சொல்கிறாள். நான் நலமில்லை. புருஷனை மண்ணில் வைத்துவிட்டு வந்தவள் நலம் என்று எழுதினால் அந்த முருகனே சிரிப்பான். உங்களுக்கும் நலமாக இருக்காது என்று தெரியும். ஆனாலும் உங்கள் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போனில் கூப்பிட்டால் வெட்டிவிடுகிறீர்கள். கடிதத்தை வெட்ட முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதாக இருந்தால் கடைசி வரை படித்துவிட்டுக் கிழியுங்கள்.

உங்கள் அண்ணனுக்கு இன்னும் கருமாதி நடக்கவில்லை. எங்களுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் குடம் உடைத்தது நீங்கள். குடம் உடைத்த கைதான் கருமாதியும் செய்ய வேண்டும் என்று பூசாரி ஒரே பிடியாக நிற்கிறார். நீங்களோ எழவு வீட்டில் நான் போட்ட சத்தத்தில் கோபித்துக்கொண்டு, மறுநாள் குழிக்குப் பால் ஊற்றக்கூட நிற்காமல், ஈர வேட்டியைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டீர்கள். "ஒன் கடை ஆயில்தான்டா ஒங்கண்ணன கொன்னுச்சு" என்று லயத்து வீடுகள் எல்லாம் கேட்கும்படி நான் கத்தியது உண்மை. அழுகிற வாய்க்கு அளவு ஏது தம்பி? ஆனால் ஏன் கத்தினேன் என்றும், நீங்கள் போன பிறகு என்ன நடந்தது என்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நீங்கள் வேலை செய்கிற அந்தப் பெரிய கடைக்காரர்கள் எல்லாச் சாமானிலும் தங்கள் பச்சைக்கிளியை ஒட்டி வைத்திருக்கிறார்கள். அரிசியில் கிளி, சவர்க்காரத்தில் கிளி, தேங்காய் எண்ணெயில் கிளி, கடைசியில் எஞ்சின் ஆயிலிலும் கிளி. நீங்களும் தீபாவளிக்கு வரும்போதெல்லாம் அண்ணன் காருக்கென்று கிளி ஆயில் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். பாதி விலை, அதே ஆயில் என்றீர்கள். இங்கே கராஜ் வைத்திருக்கிற நல்லமுத்து பாஸுக்கு அது காதில் விழுந்த நாளிலிருந்து தூக்கம் போய்விட்டது. "பருப்பு விக்கிறவன் ஆயில் வித்தா அது பருப்புத் தண்ணிதான் அண்ணே. எஞ்சின் ரசம் குடிக்குமா?" என்று உங்கள் அண்ணனிடம் கேட்டுவிட்டு, நல்ல கம்பெனி ஆயில் என்று அவரும் ஒரு கேனைக் கொடுத்தனுப்புவார். நீங்கள் போனில், "அந்தாளு கமிஷனுக்குப் பேசுறாருண்ணே, ஆயில்னா எல்லாம் ஆயில்தான்" என்பீர்கள். உங்கள் அண்ணன் உங்களிடம், "ஒன் ஆயில்தான் தம்பி ஊத்தியிருக்கேன், வண்டி பூ மாதிரி போவுது" என்பார். பாஸிடம், "உங்க ஆயில்தான் பாஸ், சத்தமே இல்ல. மாத்துற வேலைய நானே வூட்டுல பாத்துக்குறேன்" என்பார். இரண்டும் என் காதுபடத்தான். ஒரு தடவை இது, ஒரு தடவை அது என்று முறை வைத்து ஊற்றுகிறார் போல என்று நான் கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விடுவேன். எனக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்?

அன்று காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். இந்தத் தோட்டத்தில் பிள்ளை பெறப் போனவள், பாம்பு கடித்தவன், தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் கத்தியில் கை அறுத்துக்கொண்டவன் எல்லாரும் அந்தக் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், எல்லாரும் உயிரோடு திரும்பினார்கள். அவரைப் பின்சீட்டில் படுக்க வைத்து மருமகன் லோஜன் ஓட்டினான். தேயிலை ஸ்டோருக்கு மேலே உள்ள ஏற்றத்தில் கார் பன்றி கத்துவதுபோல் கத்தி, புகைவிட்டு, நின்றே போனது. மழையில் நடுரோட்டில் நின்று கையைக் காட்டினால் லீக்ஸ் மரக்கறி மூட்டை ஏற்றிய ஆட்டோதான் கிடைத்தது. மூட்டைகளை நகர்த்தி அவரைச் சாய்த்து உட்கார வைத்தோம். அந்த நேரத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "எல்லாம் ஒங்க தம்பி குடுத்த ஆயிலால வந்ததுங்க" என்றேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "ஆயில் இல்ல அழகு. அவன் ஆயில் மேல பழி போடாத" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு. இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தவளிடம் போகிற நேரத்தில் எஞ்சின் ஆயிலைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரியில் டொக்டர் சிங்களத்தில், இன்னும் கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருக்கலாமே என்றார். அவர் தலைமுடியில் ஒட்டியிருந்த லீக்ஸ் தோலை எடுத்துக்கொண்டே அதைக் கேட்டேன். அதற்குப் பிறகு எழவு வீட்டில் உங்களைப் பார்த்தால் நான் வேறு என்ன கத்துவேன் சொல்லுங்கள்.

நீங்கள் போன பிறகு கேளுங்கள். கருமாதி வரைக்கும் படத்துக்கு முன்னால் விளக்கு அணையக்கூடாது என்று பொகவந்தலாவைச் சின்னம்மா வந்து காவலுக்கு உட்கார்ந்தார்கள். பாதிக் கண் தெரியாது, ஆனால் எல்லா வேலையும் தானே செய்ய வேண்டும். எண்ணெய் தீர்ந்திருக்கிறது. இந்தக் குளிரில் இங்கே தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்துவிடும், அடுப்போரம் வைத்தால்தான் இளகும். சின்னம்மா கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, கிளிப்படம் போட்ட கேனை இழுத்து, மூடியைத் திருகி, "பாருடி அழகு, கொழும்பு எண்ணெய்னா கொழும்பு எண்ணெய்தான். இந்தக் குளிருக்கும் தண்ணியா நிக்கிது" என்று விளக்கு நிறைய ஊற்றிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்கக் கரும்புகை. படத்தில் அவர் முகம் கரிச்சட்டியாகிவிட்டது. பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் ஓடிவந்து, "அண்ணனுக்குக் கோவம் அடங்கலக்கா, தம்பியக் கூப்பிட்டு விடுங்க" என்றார்கள். சின்னம்மா இருமிக்கொண்டே தேவாரம் பாடினார்கள். சுதர்ஷினிதான் கேனை வெளிச்சத்தில் பிடித்து இங்கிலீசில் போட்டிருந்ததை வாசித்தாள்: எஞ்சின் ஆயில்.

எனக்கு அந்த இடத்தில்தான் பொறிதட்டியது. ஊற்றித் தீர்ந்த ஆயில் இங்கே எப்படி இருக்கும்? கட்டிலைத் தூக்கிப் பார்த்தோம். என் பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு, உங்கள் கிளிக் கேன்கள் எல்லாம் ஒரு பக்கம், பாஸ் கொடுத்த கம்பெனிக் கேன்கள் எல்லாம் மறுபக்கம், கல்யாண வீட்டுச் சம்பந்திகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன. சின்னம்மா திறந்ததைத் தவிர ஒன்றுகூட மூடி திறக்கவில்லை. உங்களுடையதை ஊற்றினால் பாஸ் மனம் நோகும், அவருடையதை ஊற்றினால் உங்கள் மனம் நோகும் என்று மனுஷன் யாருடையதையும் ஊற்றவில்லை. யூனியன் தேர்தலில் இரண்டு கட்சிக்கும் வாக்குறுதி கொடுத்துவிட்டு அன்றைக்குக் காய்ச்சல் என்று போர்த்திப் படுத்தவர்தானே உங்கள் அண்ணன். ஆயில் மேல் பழி போடாதே என்று அவர் சொன்னபோது தம்பிப் பாசம் என்று நினைத்தேன். பாசமும் இருந்திருக்கும். ஆனால் உண்மை தெரிந்துதான் சொல்லியிருக்கிறார்.

நல்லமுத்து பாஸைக் கூப்பிட்டுவிட்டேன். ஏற்றத்திலேயே நின்ற காரிடம் வந்து ஆயில் பார்க்கிற கம்பியை இழுத்தார். அடியில் கொஞ்சம் கருப்பட்டிப்பாகு மாதிரி ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். கையோடு கொண்டுபோன கேன்களையும் காட்டினேன். மனுஷன் ரோட்டிலேயே குந்திவிட்டார். "எந்த ஆயில ஊத்தியிருந்தாலும் வண்டி ஏறியிருக்கும் அக்கா. நாங்க ரெண்டு பேரும் போட்ட சண்டையில அண்ணன் பொய் சொல்லப் பழகிட்டாரு" என்றார். உங்கள் கேனைத் திருப்பித் திருப்பி வாசித்துவிட்டு, "நம்பரு இந்தக் காருக்குச் சரியான நம்பருதான். விலை கொறஞ்சதுன்னு ஆயில் கெட்டுப்போறதில்ல, மாத்தாம வச்சாத்தான் கெட்டுப்போவும்" என்றும் அவர் வாயாலேயே சொன்னார். எஞ்சினைக் கழற்றிக் கழுவி, ஏதேதோ மாற்றினார். கடைசியில் எதை ஊற்றுவது என்று கேட்டார். "என் கொழுந்தனார் ஆயில ஊத்துங்க" என்றேன். வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றினார். கார் ஓடுகிறது. சத்தமில்லை.

ஆகவே தம்பி, உங்கள் ஆயில் அவரைக் கொல்லவில்லை. யார் கொன்றது என்று கேட்டால், யார் மனமும் நோகக்கூடாது என்கிற அவருடைய குணம்தான். அதை எந்தக் கராஜில் கழற்றிக் கழுவுவது? வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டு இல்லை, எல்லாருக்கும் லீவு. அன்றைக்குக் கருமாதி வைத்திருக்கிறோம். சனிக்கிழமை ரயிலில் தலவாக்கலையில் இறங்குங்கள். உங்கள் ஆயில் ஊற்றிய காரிலேயே லோஜன் வந்து ஏற்றிக்கொள்வான். ஊரே பார்க்க முன்சீட்டில் உட்கார்ந்து வர வேண்டும். பிள்ளைகளுக்கு என் முத்தம். உங்கள் வீட்டுக்காரிக்குத் தாலி நிலைக்க வேண்டும் என்று, அது நிலைக்காதவள் மனதார வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் அண்ணி,
அழகம்மா

பி.கு.: இதை ரோட்டோரத்தில் காருக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதத்தைப் போடத் தபால் கந்தோருக்குப் புறப்பட்டோம், பாலத்துக்கு இந்தப் பக்கமே கார் நின்றுவிட்டது. பாஸ் வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்லக்கா, அந்தக் கிளி ஆயிலு..." என்று தொடங்கினார். "வாய மூடுங்க பாஸ்" என்றேன். அவர் சொல்வது உண்மையாகக்கூட இருக்கலாம். எனக்கு இனித் தெரிய வேண்டாம். மேலே ஆயிலைப் பற்றி எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கார் வராது. பஸ்ஸில் வாங்க தம்பி.