முன்னால் ஆளில்லாத பெஞ்சு

இயேசுவுக்குப் புகழ்!

மடத்தில் எல்லாருக்கும் மதர், எனக்கு மட்டும் இன்றைக்கும் காதைத் திருகுகிற பெரியக்கா ஆகிய உனக்கு, மூக்குக்கண்ணாடிக் கடைத் தம்பி பணிவன்புடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். என் முழங்கால் வலி இனிமேல்தான் குறைய வேண்டும். காரணத்தைச் சொல்வதற்கு முன்னால் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: ஜெயித்துவிட்டேன் அக்கா! உன் மருமகளுக்கு, அதாவது என் மகளுக்கு, கல்யாணம் நிச்சயமாகிவிட்டது!

போன தடவை வந்தபோது என்ன சொன்னாய்? "கடவுளுக்கு எப்பவும் மிச்சம் மீதியையே குடுக்கிறியேடா, ஒரு தடவையாவது முதல்ல குடுத்துப் பாரு" என்றாய். ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே, செபம் முடியாமல் காபி கிடையாது என்று வீட்டில் அறிவித்தேன். நான் கண்ணை மூடிய நேரம் பார்த்துப் பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. "ஒரு கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டுச் செபம் பண்ணினா சாமி கோவிச்சுக்குமா?" என்றாள் என் வீட்டுக்காரி. கடையில் ஷட்டரைத் தூக்குமுன் நடைபாதையில் நின்று ஒரு பரலோக மந்திரம் சொன்னேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், எனக்காகக் காத்திருந்த ஆள் எதிர்க்கடையில் பிரேம் மாட்டி அழகு பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் போட்டிருந்தது நம் கடைக் கண்ணாடி அல்லவா, அவ்வளவு தூரத்திலும் பளிச்சென்று தெரிந்தது. ஆனாலும் விட்டேனா? விடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சம்பந்தம் வந்தது. பையன், உன் மருமகளோடு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவன். அவள் வாயைத் திறந்து சொல்லவில்லையே தவிர, அவன் பேரைச் சொன்னாலே சோறு இறங்குவதில்லை. பையனுடைய அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சிரிப்பதற்கே அனுமதி கேட்க வேண்டும் போன்ற முகம். அவர், "பொண்ணைப் பிடிச்சிருக்கு. ஆனா எங்களுக்குக் கடவுள் பயம் உள்ள குடும்பம் வேணும். ஞாயித்துக்கிழமை உங்க கோயிலுக்கே பூசைக்கு வர்றோம், அங்க பார்த்துட்டுச் சொல்றோம்" என்று போய்விட்டார். மகள் என் பக்கம் திரும்பி, "அப்பா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், மானத்தை மட்டும் வாங்கிடாதீங்க" என்றாள்.

உனக்குத்தான் தெரியுமே, எனக்குக் கோயிலில் நிரந்தர இடம் கடைசி பெஞ்சு. ஃபேனுக்கு நேர் கீழே, வாசலுக்குப் பக்கம், ஸ்கூட்டர் கண் பார்வையில். ஆனால் இப்போது எதிலும் கடவுள்தான் முதல் என்று ஆகிவிட்டதே! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சம்பந்தியைக் கூட்டிப்போய் முதல் பெஞ்சில் உட்கார வைத்து, நானும் உட்கார்ந்தேன். அது எப்போதும் சிஸ்டர்மார் உட்காரும் பெஞ்சு. அந்த வாரம் பார்த்து அத்தனை பேரும் தியானத்துக்குப் போயிருந்தார்கள். என் வீட்டுக்காரி பின்னால் மாடத்தில் பாடற்குழுவோடு, மகள் கீபோர்டில். பூசை தொடங்கிய பிறகுதான் அக்கா, எனக்கு விஷயம் உறைத்தது. இத்தனை வருஷமாக எப்போது நிற்கணும், எப்போது உட்காரணும் என்பதை முன்னால் இருக்கிறவன் முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டவன் நான். இங்கே முன்னால் முதுகே இல்லை!

முதல் வாசகம் படிக்க ஒரு அம்மா வந்து நின்றார். உட்காரணுமா, நிற்கணுமா? தெரியவில்லை; நின்றேன். சம்பந்தியும் நின்றார். ஓரக்கண்ணால் திரும்பிப் பார்த்தால் கோயிலே நிற்கிறது! அப்படியானால் அத்தனை பேரும் இவ்வளவு நாளாக முன்னால் இருக்கிறவன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்களா? வாசிக்க வந்த அம்மா மிரண்டுபோய் வரி தடுமாறினார். பங்குச்சாமியார் கையைக் கீழே காட்டிக் காட்டி ஆட்டினார். ஆசீர்வாதம் போலிருக்கிறது என்று நான் சிலுவை போட்டேன். மொத்தக் கோயிலும் சிலுவை போட்டது. கடைசியில் அவர் மைக்கைப் பிடித்து, "எல்லாரும் உட்காருங்கப்பா" என்று வாய்விட்டே சொன்னார்.

பிரசங்கம் முடிந்ததும் யோசித்தேன். நின்றாலும் தப்பு, உட்கார்ந்தாலும் தப்பு. முழங்காலில் இருந்தால் யார் குறை சொல்ல முடியும்? தடாலென்று முழந்தாளிட்டேன். பின்னாலேயே கோயில் முழுக்க தடதடவென்று முழந்தாளிட்டது. விசுவாசப் பிரமாணம் முழங்காலில், காணிக்கை முழங்காலில். பை நீட்டி வந்தவர் குனிந்து குனிந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். சம்பந்தி என் பக்கத்தில், நிழல் மாதிரி, நான் செய்வதையே செய்தார்.

அப்போது மணி அடித்தது. சாமியார் நற்கருணை அப்பத்தை உயர்த்தினார். வழக்கமாக அந்த நேரம் யாருடைய சட்டைக் காலரையாவது பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றைக்குப் பார்க்க வேறு ஆள் இல்லை அக்கா. அந்த அப்பத்தில் இருக்கிற ஆண்டவரைத்தான் பார்த்தேன். இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. "ஆண்டவரே, எனக்கு ஒண்ணும் தெரியல. என் பொண்ணைப் பாத்துக்கோ" என்றேன். கண்ணாடி முழுக்க நீராகிவிட்டது. துடைக்கவும் தோன்றவில்லை.

வெளியே வந்ததும் தலைமையாசிரியர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பங்கே நீங்க எழுந்தா எழுந்திருக்குது, முழங்காலிட்டா முழங்காலிடுது. இந்த வீட்டுல பொண்ணு எடுக்காம வேற எங்க எடுக்கறது?" என்றார். என் மகள் ஓடிவந்து, "வாங்கிட்டீங்கப்பா மானத்தை" என்று என் தோளில் சாய்ந்து அழுதுகொண்டே சிரித்தாள். பையன் அவளுக்குக் கைக்குட்டை நீட்டினான். கடவுளை முன்னால் வைத்தவன் பின்னால் போவதில்லை என்று அங்கேயே எல்லாரிடமும் முழங்கினேன். எதிர்க்கடைக்காரனுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

உன் மடத்துச் சிஸ்டர்மார் அனைவருக்கும் எங்கள் வணக்கங்கள். ஆண்டவர் உனக்கு நல்ல சுகத்தையும், எனக்கு உன் ஆசீரையும் தருவாராக.

இப்படிக்கு,
கீழ்ப்படிந்த உன் தம்பி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் சம்பந்தி கண் பரிசோதிக்க வந்தார். எழுத்துப் பலகைக்கு முன் உட்கார வைத்துக் கதவைச் சாத்தியதும், குரலைத் தாழ்த்தி, "சம்பந்தி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எங்க கோயில்ல நானும் கடைசி பெஞ்சுதான். அன்னைக்கு நீங்க இல்லேன்னா நான் மாட்டியிருப்பேன். உங்களைப் பாத்துத்தான் எல்லாம் செஞ்சேன்" என்றார். கல்யாணப் பூசையில் பெண்ணோட அப்பாவும் மாப்பிள்ளையோட அப்பாவும் முதல் பெஞ்சில்தான் உட்கார வேண்டுமாம். ஆகவே அக்கா, உன் முழங்கால் எப்படி இருந்தாலும் சரி, நீ கட்டாயம் வந்தாக வேண்டும். எங்களுக்கு முன்னால் உனக்கென்று தனியாக ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். கடவுளுக்கு அடுத்தபடி உன் முதுகைத்தான் நம்பியிருக்கிறோம்.