பெண் பார்க்க வந்தவர்களும் பீடிங் மிஷினும்

சதுரங்கப்பட்டினத்தில் பார்க்க வேண்டிய முதல் பழம்பொருள் கோட்டை என்று யாராவது சொன்னால் பீடிங் நைனா சண்டைக்கு வருவார். முதலிடம் அவருடைய பட்டறை மிஷினுக்கு, கோட்டையெல்லாம் அப்புறம்தான்.

கதவு, ஜன்னல் ஓரத்தில் வளைவு நெளிவாக ஓடுமே, அந்த மரச்சட்டம்தான் பீடிங். அதை இழைப்பதற்கென்றே வெள்ளைக்காரன் காலத்தில் வார்த்த இரும்பு மிஷின் அது. கால்களில் இலையும் கொடியுமாக வேலைப்பாடு. கத்திகள் பூட்டிய சதுரக் கட்டை, உடம்புக்கு வெளியே அப்பட்டமாக நீட்டிக்கொண்டிருக்கும். மூடி எங்கே என்று கேட்டுவிட்டால் போச்சு.

"இன்னாத்துக்கு மூடி? உள்ள இன்னா நடக்குதுன்னு தெரிய வாணாமா? ஒளிச்சி வேல செய்ற மிஷினு இல்ல சார் இது!"

ஆனால், பிற்காலத்தில் மாட்டிய கரண்ட் மோட்டாரை மட்டும் துண்டு போட்டு மறைத்து வைத்திருப்பார். அது அவருக்கு மானப் பிரச்சினை.

அவர் மகள் கவிதாவுக்குப் படூரில் ஐ.டி. வேலை. என் ஆபீஸ் நண்பரின் மகனுக்கு அவளை நான்தான் பேசி, பெண் பார்க்கக் குடும்பத்தோடு அழைத்துப் போனேன். வந்தவர்களை நைனா வீட்டுக்குள்கூட விடாமல் நேரே பட்டறைக்குக் கூட்டிப் போய்விட்டார்.

என் நண்பர் யதார்த்தமாக, "ஓடுமா இது?" என்றார்.

நைனா வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டினார், மோட்டார் மேலிருந்த துண்டை உருவினார், சுவிட்சைப் போட்டார். தேக்குச் சட்டம் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் பீடிங்காக வந்தது. கூடவே சுருள் சுருளாகச் சீவல் பறந்து, மாப்பிள்ளையின் அம்மா கொண்டை, பட்டுப்புடவை, பழத்தட்டு எல்லாவற்றையும் மூடியது. சம்பந்தம் அவ்வளவுதான் என்று முடிவு கட்டினேன்.

நைனா மிஷினை நிறுத்தினார். காபியோடு வந்த கவிதா தட்டைக் கீழே வைத்தாள். விருந்தாளிகளைப் பார்க்காமல் அந்தச் சட்டத்தை விரலால் தடவினாள்.

"நைனா, மேல் கத்தி ஒரு பக்கம் எறங்கிக் கீது. வரி வுழுது பாரு."

"எந்த இடத்துல?" என்று மாப்பிள்ளைப் பையன் அவள் பக்கத்தில் குனிந்துவிட்டான்.

அவன் அம்மா கொண்டையிலிருந்து சீவலை எடுத்தபடி கணவரைப் பார்த்தார். "தொட்டுப் பாத்தே தப்பைக் கண்டுபிடிக்கிறா. இந்தப் பொண்ணு நம்ம வீட்டுக்கு வந்தா உங்க பாச்சா பலிக்காது!" என்று சிரித்துவிட்டார்.

"பாத்தியா சார், எம் பொண்ண?" என்றார் நைனா என்னிடம். அவர்கள் கிளம்பும் வரை மகளைப் பற்றியே பேசினார். மிஷின் பேச்சையே எடுக்கவில்லை. அந்த மனுஷரை எனக்கு அன்றைக்குப் பிடித்ததுபோல் என்றைக்கும் பிடித்ததில்லை.