நீல ரிப்பனுக்குக் கீழே

மார்லிஸின் விரலில் ஊசி ஏறியபோது அவள் கத்தவில்லை. கத்தினால் கூடமே திரும்பிப் பார்க்கும். பார்த்தால், தோழி ஆர்டித் துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த, யாரும் தொடக் கூடாத ஒட்டுப்போர்வையை ஓரம் பிடித்து அவள் புரட்டிக்கொண்டிருப்பது தெரிந்துவிடும்.

அயோவா மாநிலத்தின் அந்த வட்டாரப் போர்வைக் கண்காட்சியில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். பின்பக்கத் தையலைப் பார்க்க வேண்டுமா, வெள்ளைக் கையுறை போட்டவரைக் கூப்பிட வேண்டும். அவர் புரட்டிக் காட்டுவார். பல வருடங்களாக அந்தக் கையுறையை மாட்டிக்கொண்டு ஊரையே அதட்டியவள் மார்லிஸ்தான். போன வருடம் சர்ச் போதகரின் கையையே தட்டிவிட்டாள்.

இந்த வருடம் அவளே போட்டியில் இருந்ததால் கையுறை பெர்னடீனிடம் போயிருந்தது. மார்லிஸுக்குக் கிடைத்தது இரண்டாம் பரிசு, சிவப்பு ரிப்பன். நீலம் ஆர்டித்துக்கு. ஒரே காரில் வந்து, ஒரே விடுதி அறையில் தங்கி, காலையில் தன் பங்கு பன்றி இறைச்சியையும் மார்லிஸ் தட்டில் தள்ளிய அதே ஆர்டித்துக்கு. வரும் வழியெல்லாம் கார் சீட்டில் உட்கார்ந்து கடைசி ஓரத்தைத் தைத்தவளுக்கு முதல் பரிசா? பின்பக்கம் எப்படியும் கோணலாக இருக்கும், பார்த்தால் மனசு ஆறும் என்றுதான் மார்லிஸ் வந்தாள். கோணல் அகப்படவில்லை. ஆர்டித் எடுக்க மறந்த ஊசிதான் அகப்பட்டது.

முன்பக்கத்து வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு ரத்தம் பளிச்சென்று நின்றது.

தன் ரத்தக் கறைக்குத் தன் எச்சில்தான் மருந்து என்பது ஊசி பிடித்த எல்லோருக்கும் தெரியும். நூலில் எச்சில் தொட்டு நாசூக்காக ஒற்ற வேண்டும். மார்லிஸுக்கு நாசூக்குக்கு நேரமில்லை. குனிந்து வாயையே வைத்துவிட்டாள்.

ரத்தம் போய்விட்டது. போட்டோவுக்காகப் போட்டிருந்த லிப்ஸ்டிக் அங்கே தங்கிவிட்டது.

"என்ன மார்லிஸ் அக்கா, போர்வைக்கு முத்தம் குடுக்கறீங்களா?"

பெர்னடீன், கையுறையோடு பின்னால் நின்றாள். மார்லிஸ் முதுகால் கறையை மறைத்தாள்.

"ஆர்டித்துக்குப் பரிசு கெடைச்ச சந்தோஷம்... தாங்க முடியலை."

"அடடா! வேற யாராவது இருந்தா வயிறு எரிஞ்சு செத்திருப்பாங்க. எவ்ளோ பெரிய மனசுக்கா உங்களுக்கு!" பெர்னடீன் வெள்ளைக் கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள். மார்லிஸுக்கு அந்தப் போர்வைக்குள்ளேயே புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

கைக்குட்டையை நனைத்துத் தேய்த்தாள். உதட்டு அளவு இருந்த சிவப்பு உள்ளங்கை அளவுக்கு இளஞ்சிவப்பாகப் பரவியது. இன்னும் தேய்த்தால் போர்வைக்கே புது நிறம் வந்துவிடும்.

அப்போதுதான் அந்த நீல ரிப்பன் கண்ணில் பட்டது. தட்டு அகலத்துக்குப் பூ மாதிரி மடித்தது. ஒரு சாண் தள்ளிக் குத்தினால் போதும், கறை மறைந்துவிடும். கழற்றிக் குத்தினாள். ரிப்பன் முதலில் இருந்த இடத்தில் பழுப்பாக இன்னொரு ரத்தக் கறை இருந்தது.

மார்லிஸ் தன் விரலைப் பார்த்தாள். கறையைப் பார்த்தாள். அங்கே எப்போது சொட்டியது?

"இங்க இருக்கியா? உன்னை எங்கெல்லாம் தேடறது!" ஆர்டித் இரண்டு காபியும் தட்டில் ஒரு துண்டு செர்ரிப் பலகாரமும் தூக்கிக்கொண்டு வந்தாள். கூடவே பெர்னடீன். "கடைசித் துண்டுடி. உனக்குன்னு சண்டை போட்டு வாங்கினேன்."

அந்தத் துண்டைப் பார்த்ததும் மார்லிஸுக்கு வெட்கமாகிவிட்டது. இன்றைக்கு ராத்திரி இவள் பக்கத்துக் கட்டிலில் எப்படிப் படுப்பது? நாளைக்கு வீடு வரை எப்படிக் கார் ஓட்டுவது?

"ஆர்டித், நான் உன் போர்வையைத் தொட்டுட்டேன். வெறுங்கையால. உன் தையல்ல குத்தம் கண்டுபிடிக்கத்தான் புரட்டினேன். ஊசி குத்திடுச்சு." ரிப்பனைத் தூக்கிக் காட்டினாள். "இதுவும் நான்தான், அதுவும் நான்தான். ரெண்டு கறையும் என்னோடதுதான். பொறாமைடி. வேற ஒண்ணுமில்ல."

ஆர்டித் இரண்டையும் குனிந்து பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"குத்தம் கெடைச்சுதா?"

"இல்லை."

"இத்தனை வருஷத்துல என் தையலை நீ ஒரு தடவை நின்னு பார்த்ததில்லை. இன்னைக்குத் திருட்டுத்தனமாப் புரட்டியே பார்த்திருக்கே! ரிப்பனை விட எனக்கு இதுதாண்டி பெரிசு. இரு, குளிர்ந்த தண்ணி கொண்டாறேன். நீ பலகாரத்தைச் சாப்பிடு."

தட்டை மார்லிஸ் கையில் திணித்துவிட்டு அவள் ஓடினாள். மார்லிஸ் தட்டைப் பிடித்தபடி நின்றாள். கண்ணீர் செர்ரியில் சொட்டியது. தன்னைப் போல அற்பப் பிறவி இந்த மாநிலத்திலேயே இருக்க முடியாது என்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது.

பெர்னடீன் மட்டும் போகவில்லை. கையுறையைக் கழற்றினாள், மறுபடி போட்டாள், அக்கம்பக்கம் பார்த்தாள், கடைசியில் மார்லிஸின் காதருகே வந்தாள்.

"ஒண்ணுதான்க்கா உங்களோடது. இன்னொண்ணு, காலையில ஜட்ஜம்மா விரல்ல அதே ஊசி ஏறினப்போ சொட்டினது. அதை மறைக்கத்தானே உங்க போர்வையில குத்தியிருந்த நீல ரிப்பனை அவசரமாப் பிடுங்கி இங்க மாட்டினாங்க!"