பன்னிரண்டாவது தகடு

அன்றைக்கு எனக்கு ஒரே வேலைதான். ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சியில் உள்ள கல்லூரிக்குப் பன்னிரண்டு செப்புத் தகடுகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

அங்கே பௌதிக லேபில் நான் அட்டெண்டர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. சுத்தத்தில் மட்டும் எம்.ஏ.!

தகடுகள் பி.எஸ்ஸி. மாணவன் கோவிந்தராஜுவுடையவை. எங்கள் தெருப் பிள்ளை. வெளிச்சத்தை மின்சாரமாக்கப் போகிறானாம். மூன்று மாதம் உலையில் சுட்டுச் சுட்டுச் செய்திருந்தான்.

"மெட்ராஸ்லேருந்து புரொபசர் வராருண்ணே. மீட்டர் முள்ளு அசைஞ்சாத்தான் எனக்கு அங்க எம்.எஸ்ஸி. சீட்டு. நான் முன்னாடி போய் மேஜையைத் தயார் பண்றேன். கீழ மட்டும் போட்டுடாதீங்க!"

கீழே போடவில்லை. அந்த மட்டில் நான் உத்தமன்.

பஸ்ஸில் பையைத் திறந்து எண்ணினேன். பன்னிரண்டு, சரி. ஆனால் அத்தனையும் கருஞ்சிவப்பாக, அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி! மெட்ராஸ்காரர் பார்த்தால் அட்டெண்டரைப் பற்றி என்ன நினைப்பார்?

காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் இறங்கிவிட்டேன்.

படித்துறையில் குடம் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஏங்க, உங்க வீட்ல பொம்பளைங்களே கிடையாதா? செம்பை இப்படியா வெச்சிருப்பாங்க!" என்று அவளே புளி கொடுத்தாள்.

தேய்த்தேன். புளி, ஆற்று மணல், மறுபடி புளி. பதினொன்று பளபளத்தன. பன்னிரண்டாவதற்குப் புளி இல்லை. இன்னொரு உருண்டை கேட்கக் கூச்சம். அந்த அவமானத்தைச் சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டேன்.

லேபில் பையைத் திறந்த கோவிந்தராஜு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே... அந்தச் செவப்புதாண்ணே கரண்டே குடுக்கும்! தேய்ச்சுட்டீங்களா?"

"பளபளன்னு இருக்கே தம்பி..."

"ஆமாண்ணே. என் சீட்டும் இப்படித்தான் சுத்தமாயிடுச்சு!"

அதற்குள் புரொபசர் வந்துவிட்டார். ஒவ்வொரு தகடாக விளக்கடியில் வைத்தார்கள். பதினொன்றுக்கும் முள் மரியாதையாக நின்றது.

புரொபசர் நோட்டைப் பார்த்தார். "பன்னெண்டுன்னு எழுதியிருக்கு. இங்க பதினொண்ணுதானே இருக்கு?"

எண்ணிக்கையில் குறை சொன்னால் எனக்குத் தாங்காது. சட்டைப் பைக்குள் கை விட்டேன்.

"இது கொஞ்சம்... அழுக்கு சார்."

கோவிந்தராஜு அதைப் பிடுங்காத குறையாக வாங்கினான். கம்பியை மாட்டி விளக்கடியில் வைத்தான். முள் துள்ளியது!

சீட்டு கிடைத்தது. புரொபசர் என் தோளைத் தட்டி, "இந்த ஒண்ணை எவ்வளவு ஜாக்கிரதையா வெச்சிருந்தீங்க!" என்றார்.

என் சர்வீஸிலேயே எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு, நான் முடிக்காமல் விட்ட ஒரே வேலைக்கு.