சவக்காலை வீதியில் ஒரு நடைப்பயிற்சி

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்தான். இதை நான் சொல்லாவிட்டாலும் அந்த நாளில் இரண்டு நிமிடத்தில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் முகமே அப்படி. (இப்போது பரவாயில்லை என்கிறார்கள். காரணம் கீழே வருகிறது.)

உடற்பயிற்சித் துறையில் பட்டம் பெற்று வந்ததும், திருகோணமலையில் ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்த சனிக்கிழமை வகுப்பைப் பொறுப்பெடுத்தேன். புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த பதினொரு பெண்களுக்கான வகுப்பு. கதிரையில் இருந்தபடி கையை உயர்த்துவது, தோளைச் சுழற்றுவது, மூக்கால் மூச்சை இழுத்து வாயால் விடுவது. நன்றாகத்தான் போனது. ஆனால் பட்டதாரி ஒருத்தி நாலு சுவருக்குள் நிற்கலாமா? வெளியே நடைப்பயிற்சி என்று அறிவித்துவிட்டேன்.

பத்துப் பேர் சம்மதித்தார்கள். தையல் வேலை செய்யும் ஜெசிந்தா அக்கா மட்டும் ஏலாது என்றார். மார்பில் அறுவைச் சிகிச்சை முடிந்த இரண்டு வருடத்தில் ஆஸ்பத்திரிக்கும் எங்கள் வகுப்புக்கும் தவிர அவர் எங்கும் போனதில்லை. அதற்கும் ஓட்டோவின் பக்கத் திரையை இறக்கிவிட்டுத்தான் வருவார்.

"ரோட்டில கண்டால் சனம் ஒரு பார்வை பாக்கும் தங்கச்சி. என்ர செத்தவீட்டுக்கு வந்து பாக்கிற மாதிரி. அதுக்கு வீட்டில கிடக்கலாம்."

"அப்பிடி ஒருத்தரும் பாக்காத மாதிரி நான் ஒழுங்கு செய்யிறன் அக்கா. என்னை நம்புங்கோ."

"ஒருக்கா வாறன். ஒருத்தர் பாவம் எண்டு பாத்தாலும் பிறகு மண்டபத்துக்கும் வரமாட்டன். சொல்லிப்போட்டன்."

விறைத்துப் போயிருந்த அவருடைய வலக்கை அப்போதுதான் காதுவரை உயரத் தொடங்கியிருந்தது. வகுப்பை விட்டால் அது பழையபடி இறங்கிவிடும். ஆகவே ஒரு கிழமை உட்கார்ந்து திட்டம் போட்டேன். வெயில் உறைக்காமல் இருக்க எல்லோருக்கும் வெள்ளை உடுப்பு. களைத்தவர்கள் இருக்கப் பிளாஸ்டிக் கதிரைகள். அவற்றை ஏற்றிக்கொண்டு சித்தப்பாவின் மீன் வான் இரு பக்கச் சிக்னலும் மின்ன, பின்கதவு திறந்தபடி முன்னால் ஊர்ந்து போகும். மூச்சு வாங்கக்கூடாது என்பதால் ஒருவரும் கதைக்கக்கூடாது. இடறக்கூடாது என்பதால் தலையைக் குனிந்து நிலத்தைப் பார்க்க வேண்டும். பாதைக்கு, மேடு பள்ளம் இல்லாத, மரநிழல் உள்ள ஒரு நேர் வீதியைத் தெரிவுசெய்து நீளத்தையும் அளந்தேன். அது எங்கே போய் முடிகிறது என்று மட்டும் யோசிக்கவில்லை. (சவக்காலையில், அதாவது ஊர்க் கல்லறையில். நான் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள்.)

சனிக்கிழமை புறப்பட்டோம். முதலில் பேக்கரியில் பாட்டு நின்றது. அடுத்த கடையில் இரும்புக் கதவைப் பாதிவரை இழுத்து விட்டார்கள். ஓட்டோக்காரர் ஒருவர் இறங்கித் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். எங்கள் ஊர் புற்றுநோயை வென்றவர்களுக்கு இவ்வளவு மரியாதை தருகிறதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. கடை கடையாகக் கைகூப்பி நன்றி சொன்னேன்.

கொஞ்சத் தூரத்தில் குடை பிடித்த பெரியவர் ஒருவர் பின்னால் வந்து சேர்ந்தார். துறைமுகத்தில் வேலை முடிந்து வந்த நாலு பேர் சைக்கிளை உருட்டியபடி சேர்ந்தார்கள். திரும்பிப் பார்த்தால் இருபது பேருக்கு மேல். சமூகப் பங்கேற்பு என்று பாடத்தில் படித்தது இதுதான் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

அப்போது குடைக்காரர் கடைசி வரிசையில் வந்த ஜெசிந்தா அக்காவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"பிள்ளை, ஆர் தவறிப்போனது?"

வெள்ளை உடுப்பு, ஊரும் வான், கதிரைகள், குனிந்த தலைகள், வாயால் விட்ட பெருமூச்சுகள் எல்லாம் அந்த ஒரு நொடியில் எனக்கு விளங்கின. வானடிக்கு ஓடினேன்.

"சித்தப்பா, செத்தவீடு மாதிரி இருக்கெண்டு ஏன் சொல்லேல்லை?"

"நீ படிச்சனீ. ஏதும் காரணம் இருக்கும் எண்டு விட்டிட்டன்."

திரும்பி வந்தபோது ஜெசிந்தா அக்கா நடப்பதை நிறுத்தியிருந்தார். இரண்டு வருடம் அவர் எதற்கு ஒளிந்து வந்தாரோ அதே பார்வையைத் தெரு முழுக்கத் திரட்டி அவர் முன்னால் நிறுத்தியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்திக் குடைக்காரரைப் பார்த்தார்.

"நான்தான் ஐயா," என்றார். "போன வருசமே நடந்திருக்க வேண்டியது. நாள் தள்ளிப் போட்டாச்சு."

குடைக்காரரின் முகத்தில் இரத்தம் இல்லை. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, வரிசை குலைந்தது. பதினொரு பேரும் வீதியோரம் குந்தியிருந்து சிரித்தார்கள். நான் ஒழுங்கு செய்த கதிரைகளை ஒருவரும் தேடவில்லை.

"வந்தது வந்திட்டியள்," என்றார் ஜெசிந்தா அக்கா அவரிடம். "உங்கட தொப்பை வண்டிக்கும் நடந்தால் நல்லதுதானே. வாங்கோ." அந்த மனிதர் குடையை மடக்கிக்கொண்டு மறுபேச்சில்லாமல் வந்தார். சவக்காலை வாசலில் கேற்றைத் திறக்க எழுந்த காவலாளியிடம், "நாங்கள் இதால திரும்பிறம்" என்று அக்காவே சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை வருவாரா என்று எனக்கு நிச்சயமில்லை. சிரிப்பது வேறு, வீட்டுக்குப் போய் யோசிப்பது வேறு. மண்டப வாசலில் ஓட்டோச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி நின்றேன். ஓட்டோ வரவில்லை. கிளிப்பச்சைச் சட்டையில் நடந்தே வந்தார்.

"என்னைக் கண்டு பயந்த ஆளை இப்பதான் முதல் முதல் பாத்தனான்," என்றார். "பாவம் பாக்கிறதை விட அது நல்லாயிருக்கு தங்கச்சி."

அன்றிலிருந்து எங்கள் நடைக்கு வெள்ளை தடை. என் வீட்டில் மட்டும் விடுகிறார்கள் இல்லை. சனிக்கிழமை காலையில் நான் சப்பாத்து மாட்டும்போது, பிரேதம் எடுக்கும் நேரத்தை விசாரிக்கும் அதே தாழ்ந்த குரலில் அம்மா குசினிக்குள் இருந்து கேட்பார்:

"பிள்ளை, இண்டைக்கு எத்தினை மணிக்கு எடுக்கிறியள்?"

"ஏழுக்கு அம்மா," என்பேன். "வெயிலுக்கு முன்னம்."