கல்யாண அட்டையில் வந்த வெள்ள அறிவித்தல்

புளியந்தீவு,
மட்டக்களப்பு.

பாசமுள்ள தம்பி பிறின்சுக்கு,

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. இங்கு நானும் அத்தானும் சுகம். நீயும் சுகம் என்றே நினைக்கிறேன். நினைக்கத்தான் முடிகிறது, நான் போனில் ஏசியதிலிருந்து நீ என் அழைப்பை எடுப்பதேயில்லை. அதனால் கையால் எழுதுகிறேன். பிறிண்டரில் எடுத்தால் இது யார் வீட்டில் போய் விழுமோ!

தம்பி, வியாழக்கிழமை இங்கே நடந்ததைக் கொழும்பில் குளிர் அறைக்குள் இருக்கும் நீ அறிய மாட்டாய். முன்பெல்லாம் எங்கள் பயிர்க் காப்புறுதிச் சங்கத்தின் பெரிய கொம்பியூட்டர் தலைமைக் காரியாலயத்தில் அச்சடிக்கும் கடிதக் கட்டுகள் பஸ்ஸில் வரும். நீ அந்தக் கொம்பியூட்டரைப் பொறுப்பெடுத்த பிறகு, அங்கிருந்து அனுப்பினால் எங்கள் கிளைப் பிறிண்டரிலேயே வந்து விழும்படி செய்தாய். காரியாலயமெல்லாம் ‘என் தம்பி, என் தம்பி’ என்று சொல்லித் திரிந்தேன். ஆனால் அன்றைக்கு வரவேண்டியது லேசான கடிதமல்ல. கொக்கட்டிச்சோலைப் பக்கம் வெள்ளத்தில் வயல் அழிந்தவர்களுக்கு, திங்கட்கிழமை அதிகாரி பார்வையிட வருகிறார், ஆளில்லாத வயலைப் பார்க்க மாட்டார், நேரில் வந்து நில்லுங்கள் என்ற அறிவித்தல். அது கைக்குப் போகாவிட்டால் அந்தச் சனத்துக்கு நட்டஈடு இல்லை. நான் பிறிண்டருக்கு முன்னால் தவம் கிடக்கிறேன், அது மூச்சுக்கூட விடவில்லை. போன் எடுத்தால் நீ, “அக்கா, இஞ்ச எல்லாம் போயிட்டு எண்டுதான் காட்டுது” என்கிறாய்.

“எங்க மனே போன? எனக்கிட்ட வரல்லியே!”

திரும்ப அனுப்பு என்றேன், அனுப்பினாய். இன்னொரு தரம் என்றேன், அதுவும் அனுப்பினாய். “எங்கட மெஷினுக்கு பிறிண்டர்ர முகம் தெரியாதுக்கா, அதுர நம்பர் மட்டும்தான் தெரியும்” என்றும் சொன்னாய். அப்போதுதான் ‘கழுதை’ என்ற சொல் என் வாயில் வந்தது.

போனை வைக்கக்கூட இல்லை, அதற்குள் கீழே கல்யாண அட்டைக் கடை வைத்திருக்கும் காத்தான்குடிப் பஹீமா படியேறி ஓடி வந்தார். “றாத்தா, உங்கட வெள்ளம் எங்கட கலியாணத்துக்குள்ள பூந்திட்டு!”

இந்தக் கட்டடத்துக்கே ஒரு றவுட்டர்தான். முதல்நாள் இடிமழையில் கரண்ட் போய் வந்தபோது அது எங்கள் பிறிண்டரின் நம்பரைத் தூக்கிப் பஹீமாவின் பிறிண்டருக்குக் கொடுத்துவிட்டது. அதற்குள்ளே ஆயிஷா உம்மாவின் மகளுடைய கல்யாணத்துக்கு வைத்த ரோசா நிற அட்டைகள். வெளியே பொன் எழுத்தில் ‘அன்புடன் அழைக்கிறோம்’, உள்ளே ‘வெள்ளத்தால் அழிந்த தங்கள் வயல்’. அதுவும் ஒவ்வொருவருக்கும் மூன்று தரம்!

திரும்ப அடிக்கலாம் என்றால் கரண்ட் மறுபடியும் போய்விட்டது. “அப்படியே கொண்டு போங்க றாத்தா, சனம் பாவம்” என்றார் பஹீமா. முதலில் இரண்டு பேருமாக ஆயிஷா உம்மாவிடம் போனோம். ஏச்சு வாங்கத் தயாராகத்தான் போனேன். அவரோ அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்ப கொக்கட்டிச்சோலைச் சனமெல்லாம் எங்கட வலீமா விருந்துக்கு வருமா புள்ள? அரிசி கூடப் போடணுமே” என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்தது.

மறுநாளே ஓட்டோ பிடித்து வீடு வீடாகக் கொடுத்தேன். எங்கள் கடிதத்தைப் பிரிக்காமலே கூரையில் செருகும் உதயரூபன்கூட இதை வாசித்தார். திங்கட்கிழமை வயல் வட்டைக்குப் போய்ப் பார்த்தால், கடவுளே, வரம்பெல்லாம் வெளுத்த வேட்டியும் பட்டுச் சேலையும்! ஆச்சிப்பிள்ளை தன் வயல் சேற்றுக்குள் தயிர்ச்சட்டியோடு நிற்கிறார். “என்னகா இது?” என்று கேட்டேன். “பொன்னெழுத்தில அழைச்சிரிக்கிறிங்க, வெறுங்கையோட வாறதா?”

ஒருவர்கூடத் தவறவில்லை தம்பி. அதிகாரி பட்டுச் சேலைகளையும் தயிர்ச்சட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒவ்வொரு வயலாக இறங்கினார். எல்லாம் முழு அழிவு என்றே எழுதிக்கொண்டு போனார். ஆச்சிப்பிள்ளை அழுதார். நானும்தான்.

ஆகவே நீ அனுப்பியது ஒழுங்காகத்தான் வந்திருக்கிறது. கழுதை என்றதை மனதில் வைக்காதே, உன்னைத் தூக்கி வளர்த்த உரிமையில் வந்த சொல். இனி உனக்குத் தொல்லையில்லை. நானும் பஹீமாவுமே றவுட்டருக்குள் புகுந்து நம்பரை நிரந்தரமாக்கிவிட்டோம். பிறிண்டருக்குள் இருந்த வேறு சில செட்டிங்குகளையும் நானே திருத்தினேன். நீ லீவு போட்டு ஓடிவரத் தேவையில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

அத்தானின் அன்பும், உன் தலையில் என் கையும்.

உன் அக்கா,
மார்கிறட்

பி.கு.: இதை மடிக்கும்போதே பிறிண்டர் தானாக ஓடத் தொடங்கிவிட்டது. ஒரு தாளுக்கு ஒரு வரி, அதுவும் எந்தப் பாஷை என்றே தெரியவில்லை. வயரைப் பிடுங்கிவிட்டேன். கீழே பஹீமாவின் பிறிண்டரும் அடிக்குதில்லையாம். லீவைப் போட்டுவிட்டு உடனே வா. நண்டு வாங்கி வைக்கிறேன். அதற்கு முதல் போனை எடடா, கழுதை.